தனியாகப் பாய் விரிக்க எந்தப் படகு? தொண்டிக் கடலுக்கு நான்கு வழிகள்

பொங்கல் முடிந்ததிலிருந்து மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதலாமவர் சிங்கப்பூரில் பத்து வருடம் இருந்துவிட்டு தேவகோட்டைக்குத் திரும்பிய தம்பி. "அண்ணே, அங்கே ரெண்டு பேராச் சேர்ந்து ஹோபி 16 கேட்டமரான் ஓட்டினோம். இங்கே கூட வர ஆள் இல்லை. அதையே வாங்கித் தனியா ஓட்டலாமா?" இரண்டாமவர் காரைக்குடியில் ஆசிரியையாக இருக்கும் சகோதரி. நன்றாக நீந்துவார், பாய்ப்படகில் ஏறியதே இல்லை. மூன்றாமவர் கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக நடத்துபவர். காலையில் தானும் ஓட்ட வேண்டும், வரும் விருந்தினரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்கிறார்.

செட்டிநாட்டில் கடல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தொண்டிக் கரையில் நிற்கலாம். நம் வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் கடல் வழியாக வந்தவைதான். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்கும் குறைவு. கரையோரத்தில் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரும் கடற்புல்லும் சேறும்தான். சிறிய பாய்ப்படகுக்கு இந்தக் கடல் நல்லதும் செய்யும், கெடுதலும் செய்யும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'கேட்டமரான்' நம் கட்டுமரத்திலிருந்து போன சொல். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் அதை எழுதிவைத்தார். ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இன்று கேட்டமரான் என்று விற்கப்படுவது இரண்டு மெலிந்த உடல்களைக் குறுக்குக் கம்பிகளால் இணைத்து, நடுவே டிராம்போலின் துணியை இழுத்துக் கட்டிய படகு. அந்த அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. அதனால் "கட்டுமரம் ஓட்டத் தெரிந்தவர் இதையும் ஓட்டிவிடுவார்" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவதுக்கு மற்ற நான்கையும் சேர்த்தாலும் ஈடாகாது.

முதலாவது: கவிழ்ந்தால் தனியாக நிமிர்த்த முடியுமா? இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆனி மாதம், கச்சான் காற்று வீசும் நாளில், ஹோபி 16 ஒன்றைத் தனியாக எடுத்துப் போனேன். என் எடை 64 கிலோ. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் திடீரென்று வந்த காற்றில் கவிழ்ந்தது. நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து தொங்கினேன். பாய்மரம் ஒரு சாண் எழும்பும், திரும்பப் படுத்துவிடும். இருபது தடவைக்கு மேல் முயன்றிருப்பேன். அதற்குள் கரையிலிருந்த தென்னைகள் சின்னதாகிக்கொண்டே போயின. கச்சான் மேற்கிலிருந்து வருவது. கிழக்கு நோக்கிய தொண்டிக் கரையில் அது ஆளைக் கடலுக்குள் தள்ளும். நண்டு வலை எடுத்துத் திரும்பிய ஒரு வள்ளத்தார் என்னைப் பார்த்தபோது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. "படகை விட்டுறாதீங்க தம்பி" என்று தூரத்திலிருந்தே கத்தினார் பெரியவர். அவருடைய மகன் குதித்து என்னோடு கயிற்றில் தொங்கினார். ஒரே தடவையில் படகு எழுந்தது.

அன்று குறைந்தது திறமை இல்லை, எடைதான். இரட்டை உடல் படகு அகலமானது, அதனால் நேராக நிற்கும்போது அசையாது. ஆனால் 90 பாகை சாய்ந்துவிட்டால் படுத்த நிலையிலும் அதே உறுதியோடு கிடக்கும், முழுதும் தலைகீழானால் இன்னும் உறுதியாக. ஈரம் சொட்டும் பாயையும் பாய்மரத்தையும் தூக்குமளவுக்கு உங்கள் உடல் எடை மறுபக்கம் தொங்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து 135 கிலோ அளவில் இருந்தால் ஹோபி 16 சிரமமில்லாமல் எழும் என்பது ஓட்டுபவர்களிடையே பழகிய கணக்கு. தனி ஆள் அந்த எடைக்கு எங்கே போவது?

இரண்டாவது, காற்றுக்கு எதிராகத் திரும்பிக் கரை சேர முடிகிறதா? மூன்றாவது, மணலிலும் சேற்றிலும் ஒருவராகவே தள்ளி இறக்கி ஏற்ற முடிகிறதா? நான்காவது, படகை எங்கே வைப்பது, எப்படிக் கொண்டு போவது? ஐந்தாவது, பணம். வாங்கும் விலை அதில் ஒரு பங்குதான்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். ஹோபி மூன்றும் கேட்டமரான், லேசர் ஒற்றை உடல் படகு. எல்லாமே சுமார்தான், மாடலுக்கு மாடல் சிறிது மாறும்.

| | ஹோபி 16 | ஹோபி 14 | ஹோபி வேவ் | லேசர் |
|---|---|---|---|---|
| நீளம் | 5.04 மீ | 4.27 மீ | 3.96 மீ | 4.2 மீ |
| அகலம் | 2.41 மீ | 2.34 மீ | 2.13 மீ | 1.4 மீ |
| எடை | 145 கிலோ | 100–110 கிலோ | 110 கிலோ | உடல் மட்டும் 59 கிலோ |
| பாய் | இரண்டு, 20 ச.மீ. | ஒன்று, 11 ச.மீ. | ஒன்று, 8.8 ச.மீ. | ஒன்று, 7 ச.மீ. |
| தனியாக நிமிர்த்த | கனத்த ஆளுக்கே | பெரும்பாலும் முடியும் | முடியும் | எளிது |
| ஆழமில்லாத நீரில் | மிக நல்லது | மிக நல்லது | நல்லது | தொந்தரவு |

ஹோபி 16: வேகம் வேண்டும், கூட ஆளும் உண்டு என்றால்

கலிபோர்னியாவின் ஹோபி ஆல்டர் 1960களின் இறுதியில், அலையடிக்கும் மணற்கரையிலிருந்தே இறக்கி ஏற்றுவதற்காக இந்த வரிசைப் படகுகளை உருவாக்கினார். ஹோபி 16 உலகெங்கும் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. அதனால் பழைய படகும் உதிரிப்பாகமும் கிடைப்பதில் மற்றவற்றைவிட இதற்கு வாய்ப்பு அதிகம். இதன் உடல்கள் ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும். அந்த வளைவே பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வதால் அடியில் இறக்கும் பலகை இல்லை. சுக்கான்கள் தரை தட்டினால் தாமே மேலே மடியும். முழங்கால் தண்ணீரில்கூடக் கடற்புல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பாக் விரிகுடாவுக்கு இதைவிடப் பொருத்தமான அடிப்பகுதி கிடையாது.

டிராபீஸ் கம்பியில் இடுப்பைக் கொக்கி போட்டு, கால் மட்டும் படகில் ஊன்றி, உடல் முழுவதும் கடல் மேல் தொங்கிப் போகும் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார். இந்த யோசனையும் நமக்குப் புதிதில்லை. வத்தை என்னும் இந்தக் கரையின் பழைய பாய்ப்படகுகளில் குறுக்கே ஒரு நீளப் பலகையைப் போட்டு, காற்று ஏற ஏற ஆட்கள் அதன் நுனிக்கு நகர்ந்து உட்காருவார்கள்.

தனியாக என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. இருபது சதுர மீட்டர் பாய் இரண்டு ஆட்களின் எடைக்காக வெட்டப்பட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று நாட் (மணிக்கு 22–24 கி.மீ.) காற்றிலேயே ஒரு ஆளால் படகைச் சமன் செய்ய முடியாமல் போகும். முன்பாயைச் சுருட்டி வைத்துவிட்டு பெரிய பாயை மட்டும் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் காற்றைக் குறுக்கே வெட்டித் திரும்ப அந்த முன்பாய்தான் உதவுகிறது. அது இல்லாமல் பாதித் திருப்பத்தில் அணியம் (படகின் முன்முனை) காற்றைப் பார்த்தபடி நின்றுவிடும், பிறகு பின்னோக்கி நகரவிட்டுச் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பித்தான் வெளியே வர வேண்டும். மெலிந்த அணியம் இன்னொரு ஆபத்து. காற்றோடு வேகமாகப் போகும்போது அது அலைக்குள் குத்தினால் படகு தலைகுப்புறப் புரளும். தனியாக ஓட்டுபவர் எவ்வளவு பின்னே உட்கார்ந்தாலும் சில சமயம் போதாது.

எடைக்குறைவை ஈடுகட்ட ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் நிரப்பும் பையைக் கப்பியோடு நிமிர்த்தும் கயிற்றில் மாட்டித் தூக்குவது. இருபது லிட்டர் நிரப்பினால் இருபது கிலோ கிடைத்ததாக அர்த்தம். குளத்தில் செய்து பார்த்தால் அழகாக வேலை செய்கிறது. அலையில், கை சோர்ந்த பிறகு, பையை நிரப்பி மாட்டுவது வேறு அனுபவம். அதை நம்பி 60 கிலோ ஆளை நான் கடலுக்கு அனுப்ப மாட்டேன்.

மறைந்திருக்கும் செலவுகளும் இதற்குத்தான் அதிகம். பாய்மரமே எட்டு மீட்டர். குட்டியானை வண்டியில் ஏற்றினால் பாதி வெளியே நீளும், கொஞ்சம் பெரிய லாரி பார்க்க வேண்டும். 2.41 மீட்டர் அகலத்தை நம் வீட்டு வாசல் எதுவும் ஏற்காது, முகப்பில் எவ்வளவு இடம் இருந்தாலும் உள்ளே போகாது. ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினால் அரை நாள் போய்விடும். ஆக, படகு கரையிலேயே இருக்க வேண்டும். கரை ஊர்க்காரர்களிடம் கேட்டு இடம் வாங்குவது, பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு மாதாமாதம் கொடுப்பது, வெயில் படாமல் தார்ப்பாய், மணலில் உருட்ட அகல டயர் வைத்த சக்கரம் என்று போகும். புயல் காலத்தில் பாய்மரத்தை இறக்கி, படகை மணலில் ஆழப் புதைத்த முளைகளில் கட்ட வேண்டும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கக் கரைகளில் எத்தனை படகுகள் நொறுங்கின என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பாய்மரத்தைப் பற்றி இன்னொன்று. அது அலுமினியம். கரைக் கிராமங்களில் மின்கம்பி தாழ்வாகத்தான் போகிறது. பாய்மரத்தை நிமிர்த்துவதற்கு முன்பும், நிமிர்த்திய படகை உருட்டுவதற்கு முன்பும் அண்ணாந்து பாருங்கள். சில படகுகளில் உச்சிப்பகுதி மின்சாரம் கடத்தாத ஃபைபரில் வரும், இருந்தாலும் கீழ்ப்பகுதி கம்பியில் பட்டால் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

யாருக்கு இது சரி? எண்பத்தைந்து, தொண்ணூறு கிலோவுக்கு மேல் உடல்வாகு கொண்ட, இரண்டு மூன்று வருடமாவது ஓட்டிய ஆளுக்கு, இளங்காற்றில். அல்லது கானாடுகாத்தான் நண்பரைப் போல எப்போதும் கூட ஒருவர் ஏறுவார் என்பவருக்கு.

ஹோபி 14, வேவ் வகை: ஒற்றைப் பாய்ச் சிறு கேட்டமரான்

தேவகோட்டைத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். இரட்டை உடலின் வேகமும் அகலமும் டிராம்போலினும் எல்லாம் உண்டு. பிடிக்க வேண்டியது ஒரு சுக்கான் கட்டையும் ஒரு தாமான் கயிறும்தான். (பாயை இழுத்தும் விட்டும் ஓட்டும் கயிற்றைப் பழைய பாய்க்கப்பல்காரர்கள் தாமான் என்பார்கள். நல்ல சொல், விட்டுவிட வேண்டாம்.) தனி ஆளுக்கு இருப்பது இரண்டு கைகள். கயிறு ஒன்று குறைந்தால்கூட அவசரத்தில் பெரிய விஷயம்.

ஹோபி 14 தனி ஆளுக்கென்றே வந்தது. வேவுக்குப் பாயின் அடியில் குறுக்குக் கம்பமே கிடையாது, அதனால் திரும்பும்போது தலையில் அடிக்காது. அதன் உடல் வார்த்த பிளாஸ்டிக். கல்லில் உரசினாலும், சுமக்கும்போது கீழே போட்டாலும் தாங்கும். ஹோபி 14 ஃபைபர் உடல், அதைவிட உயிரோட்டமாகப் போகும். ஆனால் முன்பாய் இல்லாததால் திருப்பத்தில் அதுவும் நின்றுவிடும். வேகம் குறைவதற்குள், சுக்கானை வெடுக்கென்று இழுக்காமல், நிதானமாக வளைத்துத் திருப்பப் பழக வேண்டும். ஒரு வாரப் பயிற்சியில் கைக்கு வந்துவிடும்.

நிமிர்த்துவதில், 60–70 கிலோ ஆள் முறையாகச் செய்தால் வேவ் எழும். ஹோபி 14 கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கும். முறை என்பது இது: தாமான் கயிறு முழுதும் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அணியத்தின் பக்கம் நீந்திப் பிடித்துத் தொங்கினால் படகு மெதுவாகச் சுழன்று காற்றை நோக்கும். பிறகு கீழ் உடல்மேல் ஏறி நின்று, மேல் உடலைச் சுற்றி வரும் கயிற்றைப் பிடித்துச் சாய வேண்டும். பாயின் நுனி தண்ணீரை விட்டு எழும்பியதும் காற்று அடியில் புகுந்து மிச்ச வேலையைச் செய்யும். படகு விழுந்து நேராகும் கணத்தில் முன் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் படகு தானே ஓடிவிடும். நீச்சல்காரர் எவரும் அதை எட்ட முடியாது.

நம் கடலுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆழம் குறைவு என்பதால் தலைகீழாகும் படகின் பாய்மர நுனி சேற்றில் குத்தி நின்றுவிடும். அதற்குமேல் என்ன இழுத்தாலும் வராது. பாய்மர உச்சியில் ஒரு மிதவைப் பந்தைக் கட்டினால் படகு பக்கவாட்டில் படுத்தே கிடக்கும், தலைகீழாகாது. பார்க்க அழகில்லை என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். தனியாக ஓட்டும் எவரும் கழற்றக் கூடாது.

குறை எது என்றால், முதலில், இந்தியாவில் புதிதாகக் கிடைப்பது கடினம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கன்டெய்னர் பங்கு, சுங்கவரி, துறைமுகச் செலவு எல்லாம் சேர்ந்து விலைச்சீட்டில் பார்த்த தொகையை மறக்கச் செய்துவிடும். அப்புறம், தரையில் இதன் எடை ஒரு ஆளுக்குச் சற்று அதிகம்தான். சக்கரம் இருந்தால் தனியாக இறக்கலாம். வற்றிய கடலில் சேறு வெளியே தெரியும் நேரத்தில் திரும்பி வந்தால் தனியாக ஏற்ற முடியாது, தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

லேசர்: ஒற்றை உடல்

கேட்டமரான் வேண்டும் என்று வந்தவரிடம் இதை ஏன் சொல்கிறேன் என்றால், தனியாக ஓட்டுவதுதான் முதல் விருப்பம் என்றால் இதைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்ப்படகில் அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியப் பெண் ஆனது இந்த வகைப் படகில்தான். வேலூரின் விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றதும் இதே வகையில்தான். அதனால் கற்றுக்கொடுப்பவர்களும் பழைய படகுகளும் தமிழ்நாட்டிலேயே, குறிப்பாகச் சென்னையில், கிடைக்கிறார்கள், கிடைக்கின்றன.

லேசர் கவிழ்ந்துகொண்டே இருக்கும். புதிதாகக் கற்பவர் ஒரு காலையில் பத்து முறை விழலாம். ஆனால் அடிப்பலகையின்மேல் ஏறி நின்றால் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். 50 கிலோ ஆளாலும் முடியும். அதே உடலில் 7, 5.8, 4.7 சதுர மீட்டர் என்று மூன்று அளவுப் பாய்களை மாற்றிக்கொள்ளலாம். காரின் மேல் கட்டி எடுத்துப் போகலாம். நம் வீட்டில் இரண்டாம் கட்டிலோ பின்கட்டிலோ சுவரோரம் சாய்த்து வைக்கலாம். கரையில் வாடகை, காவல், புயல் பயம் எதுவும் கிடையாது. செட்டிநாட்டிலேயே குடியிருக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கெடுதல் அடியில் இருக்கிறது. இறக்கும் பலகைக்கு ஒரு மீட்டர் அளவு தண்ணீர் வேண்டும். தொண்டிப் பக்கம் அதற்கு வெகுதூரம் நடக்க வேண்டும், கடற்புல் பலகையில் சுற்றிக்கொள்ளும். உடம்பை வெளியே சாய்த்தே ஓட்டுவதால் முழங்காலும் இடுப்பும் வலிக்கும். காரைக்குடிச் சகோதரிக்கு இதைத்தான் சொன்னேன்: சென்னையிலோ வேறு எங்கோ ஒரு வாரம் லேசரில் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் கேட்டமரான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஊர் வள்ளத்தில் பாய் கட்டுவது

பழைய ஃபைபர் வள்ளத்தை வாங்கிப் பாய் கட்டினால் செலவு மிச்சம்தானே என்று கேட்கிறார்கள். கரையில் பழுது பார்க்க ஆள் உண்டு, ஊர்க்காரர்களுக்கும் தெரிந்த படகு. ஆனால் இன்று வரும் வள்ளங்கள் எஞ்சினுக்காக வார்க்கப்பட்டவை. பாய் கட்டினால் காற்றோடு போகும், காற்றுக்கு எதிரே திரும்பி வராது. கவிழ்ந்தால் தனி ஆளால் எதுவும் செய்ய முடியாது. எஞ்சினோடு வைத்துக்கொண்டு, கற்றுக்கொள்ளும் நாட்களில் பக்கத்துணையாக வர ஒருவரை அமர்த்தினால் மிக நல்லது. அதற்கு மேல் வேண்டாம்.

எந்த மாதம், எந்தக் காற்று

எந்தப் படகாக இருந்தாலும், தொடங்குவதற்கு நல்ல காலம் தை கடைசியிலிருந்து பங்குனி வரை. வாடையும் மழையும் ஓய்ந்திருக்கும், பிற்பகலில் கடல் பக்கமிருந்து மிதமான காற்று எழும். கவிழ்ந்தாலும் அது கரைக்குத்தான் தள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய படகுகளின் குறுக்கீடு இருக்காது, சிறு வள்ளங்களும் வலைகளும் இருக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் பலப்படும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரிவதால் பாதுகாப்பு என்று தோன்றும். நிலத்திலிருந்து வரும் காற்று கரையோரம் அலை எழுப்பாது, அவ்வளவுதான். கிழக்கே தள்ளப்பட்டால் அந்தப் பக்கம் இலங்கையோடு 1974 ஒப்பந்தத்தில் வகுத்த எல்லைக்கோடு. கச்சான் நாட்களில் தனியாகப் போகாதீர்கள்.

கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல்துறையின் எண் 1093. நீர் புகாத பையில் போனைப் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள், படகோடு வேண்டாம். கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கண்மாயில் பழகலாமா என்றும் சிலர் கேட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் நிறைந்து கிடக்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். அடியில் கருவேல முள்ளும் கட்டையும் இருக்கும், மீன் குத்தகையும் இருக்கும். ஊருணி குடிதண்ணீருக்கானது, அந்த நினைப்பே கூடாது.

பழைய படகு பார்க்கப் போகிறவர்களுக்கு

உடலின் மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஹோபி 14, 16இல் முன் குறுக்குக் கம்பிக்கு முன்னாலுள்ள பகுதி வெயிலில் உள்ளே பிரிந்து மெத்தென்று ஆகியிருக்கும். அமுங்கினால் வேண்டாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். டிராம்போலின் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், நூல் பொடியாக உதிர்ந்தால் அதுவும் புதிது வாங்க வேண்டியதே.

கடைசியாக, பணம் கொடுப்பதற்கு முன் படகைத் தண்ணீரில் இறக்கச் சொல்லி, மார்பளவு ஆழத்தில் வேண்டுமென்றே கவிழ்த்து, யார் உதவியும் இல்லாமல் நீங்களே நிமிர்த்திப் பாருங்கள். கால் தரையில் படக் கூடாது. மூன்று முறை எழுந்தால் வாங்குங்கள்.